முதலை குடித்த ஒரே ஒரு டின்

ஒரு காட்டில் வழக்கம்போல ஒரு சிங்கம் இருந்தது. அதற்கு இந்தக் கதையில் வேலை கிடையாது, தூங்கட்டும். இது தும்பை என்கிற முயலைப் பற்றியது.

தும்பை பயந்த சுபாவம். இலை விழுந்தால் இரண்டு அடி துள்ளுவாள். விழாவிட்டால், ஏன் இன்னும் விழவில்லை என்று யோசித்து நான்கு அடி துள்ளுவாள். அவளுக்கு எள்ளு என்று ஒரே மகள், யு.கே.ஜி. படிக்கிறாள். பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வெண்சிறகுக் கன்னியர் மடம் நடத்துகிற பள்ளி. அதன் தலைமை மதர் கொக்கு. வெள்ளை உடுப்பு, நீண்ட மூக்கு, ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடி ஜெபம். தும்பையும் சின்ன வயதில் அங்கேதான் படித்தாள். எட்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது இரண்டே இரண்டு. சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படிக்க வேண்டும். படித்ததை வெளியே சொல்லக் கூடாது.

ஆற்றைக் கடக்கப் படகு கிடையாது. முதலைதான்.

முதலையா என்று வாயைப் பிளக்காதீர்கள். பள்ளி வாகனத்துக்கு ஆள் தேடியபோது மதர் ஒரு விண்ணப்பப் படிவம் அச்சடித்தார். அதில் 'நீந்தத் தெரியுமா?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பிள்ளைகளைச் சாப்பிடுவீர்களா?' என்று கட்டம் இல்லை. மடுவரசு என்கிற முதலை எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு ஒட்டிக் கொடுத்தது. போதாததற்கு அது சைவம். ஒரு தடவை பல்வலியில் பதினெட்டு நாள் துடித்து, வலி நின்றால் இனி மாமிசம் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து தாமரைக் கிழங்குதான்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. காலையில் தொண்டை நனைக்கக் கொஞ்சம் கள்.

அதையும் மதர் முறைப்படி சோதித்தார். நேர்காணலில் தேங்காய்ச் சிரட்டையில் கள் ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் சிரட்டையில் மடுவரசு பாடியது. இரண்டாவதில் அம்மாவை நினைத்து அழுதது. மூன்றாவதில் விரதத்தை மறந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க் ஆமையின் ஓடு இன்றைக்கும் ஆபீஸ் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. உடனே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: 'பயணத்துக்கு முன் ஒரு அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது.' வேலை மடுவரசுக்கே கிடைத்தது. வேறு விண்ணப்பம் வரவில்லை.

அந்தக் காட்டில் குடியை எண்ணுவது பாத்திரக் கணக்கில். சிரட்டை ஒன்றானால் அளவு ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கள் ஒன்றே சரக்காக இருந்தவரை அதில் கேடும் வரவில்லை.

பிறகு டின் வந்தது.

டின் வந்ததன் விளைவு தும்பைக்கு எள்ளு மூலமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அம்மா, முதலை மாமா இன்னிக்கு என் காதை நக்கிப் பாத்தாரு."

"என்னது!"

"உப்புப் பத்தலைன்னாரு."

தும்பை துள்ளிய துள்ளலில் வளையின் கூரை மண்டையில் இடித்தது. அவள் கணவன் கொறியன் அருகம்புல்லை மென்றபடியே ஆறுதல் சொன்னான். "பாசத்துல நக்கியிருக்கும் புள்ள. எங்க பெரியப்பாகூட அப்படித்தான் நக்குவாரு."

"உங்க பெரியப்பா முயலுங்க!"

"நீ எல்லாத்துக்கும் குத்தம் கண்டுபிடிப்பே" என்று கொறியன் அடுத்த புல்லுக்குப் போனான்.

மறுநாள் எள்ளுவுக்கு வயிற்று வலி என்று லீவு லெட்டர் எழுதி அனுப்பிவிட்டு, தும்பை நேராகக் கரடியின் பெட்டிக்கடைக்குப் போனாள். மடுவரசுக்குக் காலைச் சரக்கு அங்கிருந்துதான் போகிறது. கடை முகப்பில் மினுமினுவென்று டின்கள் அடுக்கியிருந்தன. 'பூஞ்சாரல்' என்று பெயர். மேலே லிச்சிப் பழப் படம், பனித்துளி, ஒரு சிரிக்கிற மேகம்.

"இது என்ன கரடியண்ணே?"

"ஹார்ட் செல்ட்சர் தாயி. இப்ப எல்லாம் இதுதான். கள்ளு நாத்தம் கிடையாது, வாயில வெச்சா சோடா மாதிரி சுர்ருனு இறங்கும். சர்க்கரை சுத்தமா இல்ல. குடிச்சா உடம்பு இளைக்கும்."

"சாராயம் இருக்கா?"

"இருக்கும், ஓரமா."

தும்பை டின்னைத் திருப்பினாள். பின்பக்கம், எறும்பு நடந்துபோன மாதிரி எழுத்து. கன்னியர் மடத்துக் கண் அதை விடுமா? ஐநூறு மில்லி. ஆல்கஹால் எட்டு சதவீதம். அதற்கும் கீழே, எறும்பின் குட்டி நடந்த மாதிரி: 'பத்து கிராம் ஆல்கஹால் ஓர் அளவு.'

"எட்டு சதவீதம்னு போட்டிருக்கே!"

கரடி சிரித்தது. "ஏன் தாயி, நீ படிச்சவதானே? நூத்துக்கு எட்டு மார்க் வாங்கினா பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில்."

"அப்ப இது சாராயப் பரீட்சையில ஃபெயிலான சரக்கு. பயப்படாம போ."

அடுத்த தட்டில் இன்னும் இரண்டு வகை இருந்தன. ஒன்றின் பின்னால் ஐந்து, ஒன்றின் பின்னால் பன்னிரண்டு. முன்பக்கம் மூன்றிலும் அதே லிச்சி, அதே மேகம், அதே சிரிப்பு.

"மூணும் ஒண்ணுதான் தாயி. படம் ஒண்ணுதானே?"

தும்பை வீட்டுக்கு வந்து, ஒரு தேக்கிலையை விரித்து நகத்தால் கணக்குப் போட்டாள். நூறு மில்லியில் எட்டு மில்லி ஆல்கஹால். ஐநூறில் நாற்பது மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. நூறு மில்லி எழுபத்தொன்பது கிராம்தான் நிறுக்கும். ஆக நாற்பது மில்லிக்கு முப்பத்தொன்றரை கிராம். பத்துப் பத்தாகப் பிரித்தால்...

மூன்று. மூன்றுக்கும் கொஞ்சம் மேலே.

அவளுக்கு முதலில் ஆமை ஓடு நினைவுக்கு வந்தது. பிறகு எள்ளுவின் காது.

இலையைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டாள். 'நம் முதலை குடிக்கும் ஒரு டின் என்பது மூன்று அளவு. தயவுசெய்து எல்லாரும் பார்க்கவும்.' ஐந்து நிமிஷத்தில் பதில்கள் வந்தன. மான் கும்பிடு போட்டது. முள்ளம்பன்றி ரோஜாப்பூவோடு இனிய காலை வணக்கம் சொன்னது, மணி அப்போது மதியம் இரண்டு. பெண்மயில் எழுதியது: 'மேடம், குரூப்பில் நெகட்டிவ்வாகப் பேச வேண்டாம். என் பையன் முதலை சார் மேல் உயிரையே வைத்திருக்கிறான்.'

வைக்கிற இடம் பார்த்து வைக்கக் கூடாதா என்று டைப் செய்து, அழித்து, தும்பையும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஆனாலும் பேச்சு மதர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை, முதல் நடை முடிந்த கையோடு, ஆற்றங்கரையில் அவசரப் பெற்றோர் கூட்டம் கூட்டினார். மடுவரசும் கூப்பிடப்பட்டு, கரையில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. தும்பை போகிற வழியில் ஒரு டின்னும் ஒரு சிரட்டையும் வாங்கிக்கொண்டாள்.

"ஸைலன்ஸ்" என்றார் மதர், ஒற்றைக் காலில் நின்றபடி. "மடுவரசு, பயணத்துக்கு முன்னாடி எத்தனை குடிச்சே?"

"ஒண்ணு மதர்."

"சத்தியமா?"

"கழுத்துல கத்தி வெச்சாலும் ரெண்டாவது டின்னைத் தொடமாட்டேன் மதர். அந்த ஒண்ணுலயும் கடைசி வாய் எனக்கில்ல. ஆத்துக்கு ஊத்திருவேன். எங்க பாட்டன் காலத்து வழக்கம்." சொல்லும்போதே அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இத்தனை வருஷம் உழைச்சும் என்னைச் சந்தேகப்படுறாங்களே!"

கூட்டம் உருகிவிட்டது. முதலைக் கண்ணீரை நம்பாதே என்று இரண்டாம் வகுப்பிலேயே பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் அது. மதரே கைக்குட்டையை எடுத்தார்.

தும்பை மட்டும் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள். ஆற்றுக்கு ஊற்றிய கடைசி வாய்! என் பிள்ளைக்கும் ஆமையின் கதிக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு மடக்குதானா?

அவள் முன்னால் வந்து டின்னை உடைத்துச் சிரட்டையில் ஊற்றினாள். நிறைந்தது. கீழே கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். நிறைந்தது. மூன்றாவது பாதி வந்தது.

"ரெண்டரை" என்றது மான். "மூணு இல்லையே. ரெண்டரைக்கு அழுகை மட்டும்தான்."

"ஊத்துற அளவு மட்டும் இல்லீங்க, கெட்டியும் இருக்கு! கள்ளைவிட இது கெட்டி. நீர்மோரும் கட்டித் தயிரும் ஒரே டம்ளர்ல ஊத்தினா ஒண்ணாகிடுமா?"

"அப்ப இது தயிரா?" என்று முள்ளம்பன்றி அக்கறையாகக் கேட்டது.

"சாராயம்!"

"பின்ன ஏன் தயிருங்கறீங்க? குழப்பாதீங்க மேடம்" என்றது பெண்மயில்.

மதர் இரண்டாவது காலையும் ஊன்றினார். அது அவர் முடிவெடுக்கிற அடையாளம். "தும்பை, நீ சொல்ற கணக்கு சரி. உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால இப்பவே தீர்மானம் போட்டுடலாம். இன்று முதல் ஓர் அளவு என்பது ஒரு டின். மடுவரசு ஒரு டின் குடிக்குது, ஆக ஓர் அளவு குடிக்குது. பிரச்சனை தீர்ந்தது."

எல்லாரும் கை தட்டினார்கள். கை இல்லாதவை வாலைத் தட்டின.

"இன்னொண்ணு" என்றார் மதர். "நாளைக்கு எள்ளு வரலைன்னா பேரை வெட்டிடுவேன். அட்மிஷனுக்கு நானூறு பேர் வரிசையில நிக்கறாங்க. அதுல முதல் ஆள் பாம்போட பையன். இடம் கிடைச்சா போதும்னு இருக்காங்க."

கூட்டம் கலைந்தது. தும்பை காலி டின்னைக் கட்டிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது தண்ணீருக்கு மேல் இரண்டு கண் எழும்பியது.

"தங்கச்சி."

அவள் நான்கு அடி பின்னால் துள்ளினாள்.

"பயப்படாதே. நானும் யோசிச்சுப் பாத்தேன். நீ சும்மா சொல்ற ஆள் இல்ல. அந்தக் கணக்கை எனக்கு இன்னொரு வாட்டி சொல்லு."

தும்பைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரே கைவிட்டாலும் குற்றவாளிக்கு மனசாட்சி இருக்கிறதே! அவள் மணலில் எழுதி எழுதி விளக்கினாள். டின்னின் கொள்ளளவு, சதவீதம், மில்லி, கிராம், பத்தால் வகுத்தல். மடுவரசு நல்ல மாணவன். இரண்டு சந்தேகம்தான் கேட்டது.

"அப்ப அஞ்சு போட்ட டின்னு?"

"இருபது கிராம் அண்ணே. ரெண்டு அளவு."

"பன்னெண்டு போட்டது?"

"அறுபது மில்லி ஆல்கஹால்... நாப்பத்தேழு கிராம். கிட்டத்தட்ட அஞ்சு அளவு!"

மடுவரசு நீண்ட பெருமூச்சு விட்டது. தண்ணீரில் குமிழி வந்தது. "இத்தனை நாள் முட்டாளா இருந்திருக்கேன் தங்கச்சி."

"இப்பவாவது தெரிஞ்சுதே அண்ணே."

"ஆமா. ஒரு டின்னுதான் குடிக்கலாம்னு சட்டம். ஒண்ணுதான்னா, அஞ்சு இருக்கிற டின்னை விட்டுட்டு மூணு இருக்கிறதைப் போய் குடிச்சிட்டிருந்தேனே! படிப்புங்கறது படிப்புதான். நீ நல்லா இருக்கணும்."

அது நன்றியோடு வாலை ஆட்டிவிட்டுக் கரடி கடைப் பக்கம் நீந்திப் போயிற்று.

தும்பை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஒன்றுக்குப் பாட்டு, இரண்டுக்கு அழுகை, மூன்றுக்கு ஆமை. ஐந்துக்கு என்ன என்று காட்டில் யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்கக் கிளார்க் மிச்சமில்லை.

"பேசாம பள்ளிக்கூடத்தை மாத்திரலாமா?" என்றான் கொறியன்.

"வேற எங்க இருக்கு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்தான்" என்று அவன் ஒப்புக்கொண்டான்.

காலையில் தும்பை எள்ளுவின் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்றன. மடுவரசு பன்னிரண்டு சதவீத டின்னை அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டுவரை.

"அண்ணே, ஆத்துக்கு ஒரு வாய் ஊத்தலையா?" தும்பையின் குரல் கீச்சென்று வந்தது.

"இது ஆத்துக்கெல்லாம் ஊத்துற சரக்கில்ல தங்கச்சி."

பிள்ளைகள் முதுகில் ஏறின. தும்பை ஒரு கணம் நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவளும் தாவி ஏறி, எல்லாருக்கும் முன்னால், முதலையின் மண்டைமேல் போய் உட்கார்ந்தாள். விழுங்குவதானால் என்னைத் தாண்டித்தான் விழுங்க வேண்டும். முயல் அளவுக்கு அது ஒரு பெரிய தடுப்பு இல்லைதான். ஆனாலும் வேறு தடுப்பு கைவசம் இல்லை.

புறப்பட்டார்கள். பத்து அடி போனதும் மடுவரசு பாடியது. பிள்ளைகள் கூடப் பாடின. ஒன்று, என்று எண்ணினாள் தும்பை. கொஞ்ச தூரத்தில் பாட்டு விக்கலாகி, "எங்கம்மா என்னை வாயிலயே தூக்கிட்டுப் போவா" என்று அழுகை வந்தது. இரண்டு. ஆற்றின் நடுவே, மடு ஆழமாக இருக்கிற இடத்தில், அழுகை நின்றது. சத்தமே இல்லை.

"தங்கச்சி" என்றது மடுவரசு, வேறு ஒரு குரலில். "உன் பொண்ணு என்ன எடை இருப்பா?"

மூன்று.

"எலும்பும் தோலும்தான் அண்ணே! ஒண்ணுமே சாப்பிடமாட்டேங்கறா!" தும்பை கத்தினாள். "அம்மா கதை சொல்லுங்கண்ணே, அம்மா கதை!"

"அம்மாவும் இப்படித்தான் வெள்ளையா ஒண்ணு பிடிச்சிட்டு வருவா..." வாய் மெல்லத் திறந்தது. தும்பைக்குக் காலடியில் மேல்தாடை எழும்பியது. உள்ளே வரிசை வரிசையாகப் பல், பல்வலி போன சுவடே இல்லாமல். எள்ளுவைப் பார்த்து, "கண்ணை மூடிக்கோடி" என்றாள்.

வாய் முழுக்கத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குறட்டை வந்தது. காட்டையே உலுக்குகிற குறட்டை.

ஐந்து.

தூங்குகிற முதலையைத் தண்ணீர் மெதுவாகக் கீழ்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், ஆறு குறுகுகிற இடத்தில், இந்தக் கரைப் பாறைக்கும் அந்தக் கரைப் பாறைக்கும் நடுவே குறுக்காகச் செருகியது. வால் இங்கே, மூக்கு அங்கே. பிள்ளைகள் வரிசையாக முதுகில் நடந்து, மூக்கில் இறங்கி, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தன. மணி அடிக்க இன்னும் கால் மணி இருந்தது. அந்தப் பள்ளி சரித்திரத்தில் வண்டி நேரத்துக்கு வந்தது அன்றுதான். சாயங்காலம் வரை மடுவரசு அசையவில்லை. பிள்ளைகள் அதே வழியில் நடந்து திரும்பின.

மதர் கொக்கு அசந்துபோனார். "இவ்வளவு ஒழுக்கமான டிரைவரை நான் பார்த்ததில்லை. ஆடவில்லை, பாடவில்லை, பிள்ளைகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை!" தும்பையைக் கூப்பிட்டுப் பள்ளிப் போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பேட்ஜ் குத்திவிட்டார்.

இப்போது தும்பை தினமும் விடிந்ததும் கரடி கடைக்குப் போய்ப் பன்னிரண்டு சதவீதம் வாங்கிக்கொண்டு வருகிறாள். பிள்ளைகள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே, "பாறை இடுக்கில நிழலா இருக்கு, அங்க படுத்துக் குடிங்கண்ணே" என்று கொடுத்துவிட்டு, மரத்தில் ஏறத் தெரியாத குறைக்குத் தூரத்துப் புதரில் பதுங்கி, பாட்டையும் அழுகையையும் அந்தக் கொடிய மௌனத்தையும் எண்ணிக் கடந்து, குறட்டை கேட்ட பிறகே மணி அடிக்கிறாள்.

போன வாரம் கரடி வேறு டின்னை நீட்டியது. "பன்னெண்டு தீர்ந்துபோச்சு தாயி. இது எட்டு. கொஞ்சம் லேசானது. உடம்புக்கும் நல்லது."

தும்பை டின்னைத் திருப்பிப் பார்த்தாள். காது இரண்டும் விறைத்தன.

"லேசானதா! ஏன்யா, பள்ளிக்கூடத்துக்குப் போற சரக்குல கலப்படம் பண்றியா? பிள்ளைங்க உயிரோட விளையாடாதே! ஒண்ணு பன்னெண்டு குடு, இல்லாட்டி எட்டுல ரெண்டு குடு!"

நீதி: அளவோடு குடிக்கிறவரை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். டின்னைத் திருப்பிப் படித்து, போதாது என்று தெரிந்தால், மிச்சத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.